கருகும் வாடை

பாளையங்கோட்டை கிறிஸ்துமஸ் கண்காட்சியில் நட்சத்திர விளக்கு வாங்கும்போதுதான் அந்த எலக்ட்ரீசியனைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், காதிடுக்கில் டெஸ்டர். வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்.

“யக்கா, எங்கனயாவது கருகுத வாடை வருதா? கொரோனா வந்ததுலேருந்து எனக்கு மூக்குல ஒண்ணும் தெரிய மாட்டேங்கு.”

வந்தது. தலைக்குமேல் துணிப்பந்தல், சுற்றிலும் கூட்டம், வெளியேற ஒரே வாசல். “வருது” என்றேன்.

ஓடிப்போய் மெயினை அணைத்தார். இருட்டில் கூட்டம் அலறியது. “யாரும் ஓடாதீங்க. பைய வெளிய போங்க,” என்று அவர் குரல் மட்டும் கேட்டது. எல்லோரும் வெளியேறினோம்.

உருகியிருந்த வயரை மாற்றி அவர் மறுபடி விளக்கைப் போட்டதும் கூட்டம் உள்ளே திரும்பியது. “நீங்க வீட்டுக்குப் போங்கக்கா,” என்றார் என்னிடம்.

போக முடியவில்லை. கண்காட்சி மூடும்வரை, பயந்துகொண்டே காற்றை மோந்து பார்த்தபடி அவர் பக்கத்தில் நின்றேன்.