கொடிக்கம்பியில் சுற்றிய சீரியல் லைட்

அந்தக் காலத்து சீரியல் லைட்டுக்கு ஒரு வாசனை உண்டு. அரை மணி நேரம் எரிந்தால் போதும், சூடேறிய பிளாஸ்டிக்கும் பச்சை ஒயரும் சேர்ந்து லேசாகக் கருகின மாதிரி வரும். மற்றவர்களுக்கு அது கிறிஸ்துமஸ் வாசனை. அந்த வாசனை வந்தால் நான் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஏன் என்று என் மனைவி ஸ்டெல்லாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்...

கல்யாணம் ஆகி எங்களுக்கு முதல் கிறிஸ்துமஸ். திருச்சி கே.கே. நகரில் வாடகை வீடு. கீழ் போர்ஷனில் நாங்கள். மாடியில் வசந்தா அக்கா குடும்பம், துறையூர்க்காரர்கள். மொட்டை மாடி இரண்டு வீட்டுக்கும் பொது.

எனக்குத் துவாக்குடியில் ஒரு வெல்டிங் ஷெட்டில் சூப்பர்வைசர் வேலை. கரண்ட் என்றால் எனக்குத் தெரியாததா என்ற திமிர் உடம்பு முழுக்க இருந்த வயசு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்று ஸ்டெல்லா சொன்னதற்கு, "ரெண்டு ஒயரை முறுக்கி டேப் ஒட்ட ஒரு ஆள் வேணுமாக்கும்?" என்று கேட்டேன்.

பெரிய கடைவீதியில் நாலு செட் வாங்கி வந்தேன். மொட்டை மாடியில் எதில் கட்டுவது என்று முழித்துக்கொண்டு நின்றபோது அக்காதான் வழி சொன்னார்.

"துணி காயப்போடற கொடிக்கம்பி இருக்கே தம்பி, அதுலயே சுத்திடுங்க. ரோட்டுலேர்ந்து பாத்தா ஜோரா இருக்கும். ரெண்டு நாளைக்கு நான் அந்தக் கோடியில துணி போட்டுக்கறேன்."

இரும்புக் கம்பி. அதில் போய் ஒயரைச் சுற்றுகிறோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு செட்டோடு இன்னொன்றை முறுக்கி டேப் சுற்றினேன். கடைசி ஜாயிண்டுக்கு வரும்போது டேப் தீர்ந்துவிட்டது. வேறொரு ஒயரில் இருந்த பழைய டேப்பை உரித்து அதிலேயே ஒட்டினேன். பிளக் கிடையாது. ஒயர் நுனியைச் சீவி, சாக்கெட்டில் விட்டு, இரண்டு தீக்குச்சியைச் சொருகினேன். அப்போது பாதி வீட்டில் அப்படித்தான்.

எரிந்தது. அக்கா ரோட்டுக்கு இறங்கிப் போய் நின்று பார்த்துக் கைதட்டினார்.

ராத்திரி தூறல் போட்டிருக்கிறது. நான் லைட்டை அணைக்கவில்லை.

காலை ஆறரை இருக்கும். ஒரு செட் மட்டும் எரியவில்லை. என்ன என்று பார்க்க டெஸ்டரோடு மேலே போனேன். தரையெல்லாம் ஈரம். அந்தக் கடைசி ஜாயிண்டில் டேப் நனைந்து பிரிந்து தொங்கியது. உள்ளே இருந்த செம்பு கொடிக்கம்பியில் ஒட்டிக் கிடந்தது. டெஸ்டரைக் கம்பியில் வைத்தேன்.

டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

அந்த இடத்தில் மட்டும்தானோ என்று நாலடி தள்ளி வைத்துப் பார்த்தேன். அங்கேயும் எரிந்தது. கம்பி முழுக்கக் கரண்ட்...

அப்போது தண்ணீர் டேங்குக்கு அந்தப் பக்கம், அதே கம்பியின் மறுகோடியில், பக்கெட் வைக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால் அக்கா. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று, பிழிந்த புடவையை உதறி, இரண்டு கையாலும் தூக்குகிறார். கம்பிக்கும் புடவைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும்.

கத்தினேன்.

"ஏய், தொடாதடி! போடி அந்தாண்ட!"

அக்கா கையிலிருந்து புடவை தரையில் விழுந்தது. இரண்டடி பின்னால் போய் அப்படியே நின்றுவிட்டார். நான் படியில் தாவி இறங்கினேன். ஒவ்வொரு படியிலும், மேலே ஒரு அலறல் கேட்டுவிடுமோ என்று காது மேலேயே இருந்தது. மெயின் ஸ்விட்சை இறக்கினேன்.

திரும்பி மேலே போனேன். அக்கா சேறான புடவையை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு தம்பி?"

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"லைட்டு கட்டியிருக்கேன்ல... ஈரத்துணியைப் போட்டா செட்டு வீணாயிடும். அதான்."

அக்கா புடவையைப் பக்கெட்டில் போட்டார். "சரிங்க தம்பி. உங்க லைட்டை நான் தொடலை" என்று சொல்லிவிட்டு பக்கெட்டோடு இறங்கிப் போனார்.

கீழே வந்து ஸ்டெல்லாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். "அக்காகிட்ட போய் நடந்ததைச் சொல்லுங்க" என்று அழுதாள். ஹவுஸ் ஓனர் காதுக்குப் போனால் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்றேன். அது பாதிதான். ஒரு உயிர் போகப் பார்த்தது என் கைவேலையால் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

அன்றைக்கே லைட்டையெல்லாம் பிரித்துவிட்டேன். ஆனாலும் அக்கா அந்தக் கம்பியில் மறுபடி துணி போடவில்லை. மாடி வராந்தாவில் நைலான் கயிறு கட்டிக்கொண்டார். பண்டிகை அன்று கேக் கொண்டுபோனேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டார், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. மே மாதம் அவர் கணவருக்கு மாற்றல் வந்து, துறையூருக்கே போய்விட்டார்கள்.

இப்போது சொந்த வீடு. மழை தாங்குகிற எல்.இ.டி. செட், அடாப்டர், பிளாஸ்டிக் கொக்கி, கரண்ட் கசிந்தால் தானே கட் ஆகிற பிரேக்கர், எல்லாம் உண்டு. எலக்ட்ரீஷியன் வந்துதான் மாட்டுகிறார். அவர் போன பிறகும் நான் செருப்பு போட்டுக்கொண்டு, வாசல் கேட், கிரில், ஜன்னல் கம்பி என்று ஒவ்வொன்றாக டெஸ்டரை வைத்துப் பார்க்கிறேன். "போதும்பா, தெருவே சிரிக்குது" என்கிறாள் என் மகள். சிரிக்கட்டும். அவள் ஈரத் தலையோடு கிரில் பக்கம் போனாலே நான் மறுபடி டெஸ்டரை எடுக்கிறேன்.

கவிதா, போன வாரம் நீ ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பியிருந்தாய். "நான் வசந்தா பொண்ணு அங்கிள், அம்மா நல்லா இருக்காங்க" என்று எழுதியிருந்தாய். அந்த மாடியில் இருந்தபோது உனக்கு நாலு வயசு. உன் ஒரு வரியை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்மா. அன்றைக்கு நான் கத்தினது லைட்டுக்காக இல்லை என்று சொல்லு.