அக்ரோபொலிஸ் வாசலில் ஒரு ‘போயிட்டு வாரேன்’

போன மாதம் ஏதென்ஸ் நகரத்தில், அக்ரோபொலிஸ் குன்றின் வாசலில், ஒரு கிரேக்கப் பெண்மணி என் மச்சானைப் பார்த்து, “போ. ஆனால் திரும்பி வராதே” என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னது டிக்கெட்டைப் பற்றி. மச்சான் எடுத்துக்கொண்டது உயிரைப் பற்றி!

முதலில் மச்சான் யாரென்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி மதியின் அண்ணன். பரளச்சிப் பக்கம் மானாவாரி நிலம். அருப்புக்கோட்டையில் விதை, உரம் விற்கும் கடை. அவருக்குப் பித்தப்பையில் கல். ஊர் திரும்பியதற்கு மறு வாரம் மதுரையில் ஆபரேஷன் என்று நாள் குறித்தாயிற்று. “சின்ன ஆபரேஷன்தான். அதுக்கு முன்னாடி தாராளமா ஊர் சுத்திட்டு வாங்க. எண்ணெய்ப் பண்டம் மட்டும் வேண்டாம்” என்று டாக்டரே அனுப்பி வைத்தார். ஆக, வயிற்றில் ஒரு கல்லோடு, உலகப் புகழ்பெற்ற கற்களைப் பார்க்க வந்திருந்தார் மச்சான்.

பயத்தை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் விமானத்தில் மெதுவாகக் கேட்டார்.

“ஏன் மாப்ள... மயக்க மருந்து குடுத்தா முழிப்பு வந்துரும்ல?”

“வந்துரும் மச்சான்.”

“எல்லாருக்கும்?”

வருடம், தேதி என்று துல்லியம் பார்த்தே பழகிப்போனவன் நான். ‘எல்லாருக்கும்’ என்று உறுதிமொழி கொடுக்க மனசு வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று குன்றின் வாசலில்தான் தெரிந்தது.

நானும் மதியும் மச்சானும் குன்றில் ஏறினோம். வெயில், சுண்ணாம்புப் பாறை, முள்செடி...

“இதுக்கா மாப்ள இம்புட்டுத் தூரம் பிளேனேறி வந்தோம்? திருச்சுழி ரோட்டுல பஸ்ஸ விட்டு எறங்கி நின்னா இதே காடுதான். நாலு வேலிக்கருவதான் கொறச்சல்!”

மேலே போனால் பார்த்தினன் கோயில். எனக்குப் புல்லரித்துவிட்டது. கி.மு. 447-இல் வேலை தொடங்கிய கட்டடம்! எத்தனை வருடமாகப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தது! மச்சான் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார்.

“கூரைய எங்க?”

“வெடிச்சுருச்சு மச்சான். உள்ள வெடிமருந்து வச்சிருந்தாங்க. வெனிஸ்காரங்க குண்டு போட்டுட்டாங்க. 1687, செப்டம்பர் 26.”

“இன்னுமா கூரை போடல?”

பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நின்ற சாரத்தையும் கிரேனையும் பார்த்துவிட்டார். “ஓ... இப்பத்தான் வேல நடக்காக்கும். காண்ட்ராக்ட் எடுத்தது நம்மூரு ஆளா இருக்குமோ?”

பிறகு என் பக்கம் திரும்பினார். “அது கெடக்கட்டும். வெடிச்ச தேதியெல்லாம் மனப்பாடமா வச்சிருக்கீகளே, எந்தங்கச்சியக் கட்டுன தேதி என்ன?”

சொன்னேன். டக்கென்று சொன்னேன்.

“அது நிச்சயதார்த்தம்” என்றாள் மதி, தூணிலிருந்து பார்வையை எடுக்காமலே.

அதற்குமேல் அங்கே நிற்பது உசிதமாகப் படவில்லை. இறங்க ஆரம்பித்தோம்.

நம் பக்கத்தில் யாராவது “போறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்களா? பெட்டிக்கடையில் தீப்பெட்டி வாங்கினாலும் “வாரேன்” என்றுதானே நகர்வோம்? சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புகிற இடம் ஒன்றே ஒன்றுதான் — சாவு வீடு. துட்டி வீட்டில் மட்டும் யாரிடமும் விடைபெறாமல் நடையைக் கட்டுவோம்.

மச்சான் இந்த மரியாதையை ஏதென்ஸிலும் விடவில்லை. ஆங்கிலத்தில் சொன்னார். “ஐ கோ அண்ட் கம்.” ஓட்டல்காரரிடம் சொன்னார், பஸ் டிரைவரிடம் சொன்னார். முதல் நாள் காலையில் ஒரு காபிக் கடையில், கசக்கிறது என்று பாதிக் காபியை வைத்துவிட்டு, இதைச் சொல்லிக் கிளம்பினார். பகலில் அதே வழியாகத் திரும்பினால்... மேஜையைத் துடைக்காமல், கோப்பையை எடுக்காமல் வைத்திருக்கிறார் அந்த நல்ல மனிதர்! நாங்கள் எதிர்ச்சாரிக்கு மாறி, தலையைக் குனிந்துகொண்டு நடந்தோம்.

குன்றின் வாசலில் நின்ற பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். சீருடை, கறார் முகம். மச்சான் கும்பிட்டார்.

“மேடம், ஐ கோ அண்ட் கம்.”

“நோ, நோ. யூ கோ, யூ நோ கம் பேக். ஒன் டிக்கெட், ஒன் டைம்.”

அந்த அம்மாளுக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தார் மச்சான். நிறுத்தி, சத்தமாகச் சொன்னார். “எஸ் மேடம். கோ... அண்ட் கம்.”

“நோ கம்! ஒன்லி கோ!” — கை வாசலைக் காட்டியது.

வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார் மச்சான். முகத்தில் ரத்தமே இல்லை.

“மாப்ள, கெளம்புற நேரத்துல வராதேங்குது இந்தம்மா.”

“டிக்கெட்டச் சொல்றாக மச்சான். வெளிய போனா மறுபடி உள்ள விட மாட்டாங்களாம்.”

“எதச் சொன்னா என்ன, வாயில வந்துருச்சுல்ல? அடுத்த வாரம் வகுத்துல கத்தி வைக்கப் போறாக. நான் இப்பிடியே தாண்ட மாட்டேன். வாங்கன்னு ஒத்த வார்த்த சொல்லச் சொல்லுங்க. நான் என்ன துட்டி வீட்டுக்கா வந்தேன்?”

சொல்லிவிட்டு வாசலுக்கு நடுவில் நின்றுவிட்டார். பின்னால் கொடி பிடித்து வந்த ஒரு சுற்றுலாக் கோஷ்டி எங்கள்மேல் மோதி நின்றது. அதற்குப் பின்னால் இன்னொரு கொடி. என் போன் அடித்தது — எங்கள் டூர் மேனேஜர். பஸ்ஸைக் குன்றடியில் இனியும் நிறுத்த விடமாட்டார்களாம். உடனே வராவிட்டால் கிளம்பிவிடுவார்களாம்.

நான் முன்னால் வந்தேன். நாலு புத்தகம் படித்தவன் அல்லவா? தமிழரின் விடைபெறும் மரபு, மங்கலச் சொல், அமங்கலச் சொல் என்று ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தேன். நடுவில் முதல் நூற்றாண்டும் மிளகு வணிகமும் எப்படிப் புகுந்தன என்று தெரியவில்லை. பெண்மணி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மச்சானை இரக்கத்தோடு பார்த்துக் கேட்டார்:

“டாய்லெட்?”

மதி என்னை ஓரமாகத் தள்ளினாள். “நகருங்க. உங்கள விட்டா கி.மு.வுல இருந்து வருவீங்க.” அண்ணனின் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். “மேடம், ஸ்டொமக். நெக்ஸ்ட் வீக், ஆபரேஷன். ஹி இஸ் அஃப்ரெய்ட். யூ ஸே ‘நோ கம்’... பேட் லக்.”

அவ்வளவுதான். கறார் முகம் கரைந்துவிட்டது. “ஓ...!” என்று நெஞ்சில் கைவைத்தார் அந்த அம்மாள். அவர் கழுத்துச் சங்கிலியில் ஒரு நீல மணி, நடுவில் கண் வரைந்தது. அதைத் தொட்டுக்கொண்டு, மச்சானை நேராகப் பார்த்து —

“ஃப்து! ஃப்து! ஃப்து!”

மூன்று முறை துப்பினார்!

இந்தியக் குடிமகன்மேல் ஒரு கிரேக்க அரசு ஊழியர் துப்பிவிட்டார். தூதரகம் எந்தத் தெருவில் இருக்கிறது? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மச்சான் பூவாக மலர்ந்தார்.

“துப்புறாக மாப்ள! மூணு தடவ! திருஷ்டி கழிக்கிறாக! அட, நம்மாளுகளா நீங்க!”

மறுபடி கும்பிட்டார். இந்த முறை குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. “ஐ கோ... அண்ட் கம்?”

“கோ. அண்ட் கம். நெக்ஸ்ட் இயர்” என்றார் அவர். உடனே, கடமை தவறக்கூடாது என்று சேர்த்துக்கொண்டார்: “நியூ டிக்கெட்!”

மச்சான் வலது காலை எடுத்து வைத்து வெளியே வந்தார். பின்னாலிருந்து அந்த அம்மாள் “ஸ்தோ கலோ” என்று ஏதோ சொல்லிக் கையசைத்தார். ஓட்டலுக்கு வந்து தேடிப் படித்தேன். அவர்கள் விடைகொடுக்கிற வார்த்தையாம். ‘நல்லதை நோக்கி’ என்று பொருளாம். ஆக, அவர்களும் ஒருவரை வெறும் ‘போ’வோடு அனுப்புவதில்லை! இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் நிற்கிற கல்லைக் கட்டிய ஜனங்களும், ஒரு சொல்லுக்குப் பயந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பஸ் போய்விட்டிருந்தது. அதனால் என்ன? டாக்ஸியில் வந்தோம்.

மதுரையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஒரே ஒரு குறைதான்.

தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோது, படுத்தபடியே மயக்க மருந்து டாக்டரைக் கும்பிட்டு, “போயிட்டு வாரேன் சார்” என்றிருக்கிறார். அதற்கு டாக்டர், “எங்க போறீங்க? இங்கதான படுத்திருக்கப் போறீங்க!” என்றாராம்.

“அந்த ஏதென்ஸ்காரம்மாவுக்கு இருந்த வெவரம் இந்த மதுரக்காரருக்கு இல்லயே மாப்ள!”