தம்ளரைத் தாண்டிப் போன கை

மண்ணூர் மரகதத்துக்கு 2012 ஆடி மாதத்தில் ஒருநாள் வேலையில் நிற்கும்போதே தலை சுற்றியது. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஆறு வருஷமாக லைனில் நிற்பவள். தொடர்ந்து ஓ.டி. பார்த்த அசதி என்று நினைத்தாள். வாந்தி நிற்காததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேனில், சிறுமூளையில் ரத்த அடைப்பு என்று தெரிந்தது.

பத்து நாளில் வீடு திரும்பினாள். பேச்சு பழுதில்லை. வலது கைதான் சொன்னபடி கேட்கவில்லை. தம்ளரை எடுக்க நீட்டினால் தாண்டிப் போகும். பின்னால் இழுத்தால் தம்ளரை எட்டாமலே நின்று நடுங்கும்.

லோடு வண்டி ஓட்டும் கணவன் ஜீவானந்தம் தன் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னான். அவள் பிடித்த பிடியில் அவனுக்கு விரல் வலித்தது.

“இவ்ளோ பலம் கீது. அப்புறம் இன்னா? பயந்துகினு கீற, அவ்ளோதான்.”

அவள் கையை விடுவித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஸ்ரீபெரும்புதூர் பிசியோதெரபிஸ்ட் ராஜாமணி இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார். மரகதம் தன் மூக்கைத் தொட்டுவிட்டு ஜீவானந்தத்தின் விரலைத் தொட வேண்டும். முதல் தடவை அவள் விரல் அவன் தாடையில் இடித்தது. அடுத்த தடவை காதோரம் போனது. கண் மட்டும் அவன் விரலைவிட்டு அகலவில்லை.

“பயம் இல்லடி இது,” என்றான் மெல்ல.

“பலத்துல குறையே இல்ல,” என்றார் ராஜாமணி. “கை கிளம்பறதுக்கு முன்னாடியே எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எங்க நிக்கணும்னு மூளை திட்டம் போட்டுடும். போற வழியில தோளையும் முழங்கையையும் சேர்த்து ஓட்டணும். அதைப் பார்த்துக்கற சிறுமூளையிலதான் உங்களுக்கு அடி.”

“அப்போ லைன்ல நான் ஒயர் எடுத்துக்கினு இருந்ததெல்லாம்?”

“உங்களுக்குத் தெரியாமலே அது பார்த்துக்கிச்சு.”

பெட்டியைப் பார்க்காமலே ஷிஃப்டுக்கு நூற்றுக்கணக்கான தடவை ஒயர் எடுத்த கை. அதை ஒரு வேலையாகவே அவள் நினைத்ததில்லை.

வாரம் மூன்று நாள் பஸ் ஏறிப் போய்ப் பழகினாள். முழங்கையை மேசையில் ஊன்றி, தோளை அசைக்காமல், மெதுவாக. நாலு மாதத்தில் சிந்தாமல் தண்ணீர் குடிக்க முடிந்தது.

கம்பெனியில் லைனில் நிறுத்திப் பார்த்தார்கள். அவள் கை போய்ச் சேருவதற்குள், ஒயர் கட்டும் பலகை லைனில் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டது.

“மெதுவா செஞ்சா கரெக்டா வருது சார்.”

“லைன் மெதுவாப் போவாதுல்லாக்கா,” என்றான் சூப்பர்வைசர் சண்முகசுந்தரம். திருநெல்வேலிக்காரன், வருத்தத்தோடுதான் சொன்னான். ஸ்டோரில் உட்கார்ந்து லேபிள் ஒட்டும் இடத்துக்கு அவனே கேட்டு மாற்றிக் கொடுத்தான்.

ஒவ்வொரு லேபிளுக்கும் கையை அவளே யோசித்து அனுப்ப வேண்டியிருந்தது. வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் அந்த அசதியில் தூங்கிவிடுவாள். மண்ணூர் வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுப்பிவிடுவார்கள்.