குதிரை வீட்டில் ஏறிய சிப்பாய்

சதுரங்கத்தில் என்னை ஜெயிக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆள் கிடையாது. யுத்த காலத்தில் இதை வாய் கூசாமல் சொல்லித் திரிந்தேன். பொய்யில்லை, அதனால் கூச்சமும் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடிய பஸ்ஸைப் பிடித்து ராஜபாளையம் போய்விடுவேன். அங்கே ஒரு ஜவுளிக்கடைக்காரர், பாய் என்று கூப்பிடுவேன், எனக்குச் சரிக்குச் சரி ஆடக்கூடிய ஒரே மனுஷர்.

ஆடியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். என்னுடையது இங்கிலீஷ் முறை. சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம், கடைசி வரிசையில் எங்கே ஏறினாலும் மந்திரியாகிவிடும். அவருடையது நாட்டு முறை. சிப்பாய்க்கு எப்போதும் ஒரு கட்டம்தான். எதிராளியின் யானை ஆரம்பத்தில் நிற்கும் வீட்டில் ஏறினால் அது யானை, குதிரை வீட்டில் ஏறினால் குதிரை. பேசிப் பேசிச் சலித்து ஒரு பந்தயம் வைத்தோம். ஒரே ஆட்டம், ஜெயித்தவர் முறைதான் இனி என்றைக்கும்.

“அந்த ஆட்டத்த எந்த முறையில ஆட?” என்றார் பாய்.

“ஒங்க முறையிலயே ஆடுவோம். அதுலயும் நான்தான் ஜெயிக்கப் போறேன்.”

பாய் லேசுப்பட்டவர் இல்லை. மத்தியானத்துக்குள் என் ராஜாவை மூலையில் முடக்கிவிட்டார். அடுத்த நகர்வில் என் கதை முடியும். கடைசி வரிசைக்கு ஒரு கட்டம் முன்னால் எனக்கு ஒரு சிப்பாய் நின்றது. அதைத் தள்ளி, “மந்திரி” என்றேன். பழக்கதோஷம்.

“செத்த பொறுங்க சார். அது குதிரை வீடுல்லா? குதிரைதான் வரும்.”

அவரே ஒரு குதிரையை எடுத்து வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. குதிரை அவருடைய ராஜாவைக் குறிபார்த்து நின்றது, ராஜா நகர ஒரு கட்டம்கூட இல்லை. மந்திரியாக இருந்திருந்தால் அங்கிருந்து ராஜாவை எட்டியே இருக்காது, நான் தோற்றிருப்பேன்.

“ஜெயிச்சிட்டிய சார்,” என்றார்.

யோக்கியனாக இருந்தால் உண்மையை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நானோ, அந்தக் குதிரைக்காகத்தான் காத்திருந்தேன் என்று அளந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து இங்கிலீஷ் முறை. பாய் முணுமுணுக்கக்கூட இல்லை. அவர் சிப்பாய்கள் பிறந்ததிலிருந்தே இரண்டு கட்டம் போய்ப் பழகியவை போலப் போயின. வரிசையாக ஏழு ஞாயிறு என்னைத் தோற்கடித்தார். எட்டாவது ஞாயிறு நானே பேச்செடுத்தேன்.

“பாய், பழையபடி ஒங்க முறையிலயே ஆடுவோமா? அதுவும் நல்லாத்தான் இருந்துது,” என்றேன்.

அவர் காய்களை அடுக்கிக்கொண்டே, “அதெப்படி சார்? பந்தயத்துல ஜெயிச்சது நீங்கல்லா?” என்றார்.