வெள்ளைத் தட்டும் சிவப்புக் கொடியும்

எழுபதுகளில் தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டும்போது நான் டிரெட்ஜரில் சூப்பர்வைசர். கடலடி மண்ணைத் தோண்டி எடுக்கும் கப்பல் அது. அது கலக்கிவிட்ட சேறு சங்கு குளிக்கும் இடம்வரை போய்விட்டது. அடி தெரியாமல் குளியாட்கள் மூழ்கி எதை எடுப்பார்கள்? அவர்களுக்கும் எங்களுக்கும் சண்டை மூண்டு, பேசிப் பேசி, ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம்.

தினமும் காலையில் வள்ளத்தில் போய் வெள்ளை எனாமல் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். எங்கள் தரப்பில் நான், குளிக்கிறவர்கள் தரப்பில் மிக்கேல் அண்ணாச்சி. இரண்டு பேருக்கும் தட்டு தெரிந்தால் வெள்ளைக் கொடி, வேலை நடக்கும். ஒருவருக்குத் தெரியாவிட்டாலும் சிவப்புக் கொடி, மெஷின் நிற்கும். சனிக்கிழமைதோறும் கூடி, எதை மாற்றலாம் என்று பேசுவோம்.

நன்றாகத்தான் போயிற்று. பிறகு அண்ணாச்சி தட்டு தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லி, கொடி சிவப்பாகவே ஏறத் தொடங்கியது. எங்கள் துறைமுக எஞ்சினியர் கொதித்தார். "தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு, அந்தாளு வேணும்னே நிறுத்துறான்யா. இன்னொரு தடவை சிவப்பு ஏறினா இந்த ஏற்பாடே கிடையாது."

மறுநாள் வெள்ளிக்கிழமை. தட்டின் நீல விளிம்புகூட எனக்குத் தெரிந்தது. அண்ணாச்சி வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "தெரியல" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி!"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தண்ணி தெளிஞ்சுதான் கெடக்கும் போல. எங் கண்ணுதான் மங்கிட்டு வருது தம்பி. தெரியாததத் தெரியுதுன்னு சொன்னா எங்க ஆளுவ கலங்கல்ல எறங்குவானுவ. கண்ணு போச்சுன்னு சொன்னா என்னைய வள்ளத்துல ஏத்த மாட்டானுவ. நான் என்னத்தச் சொல்ல?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அன்று எந்தக் கொடியும் காட்டவில்லை, மெஷினும் ஓடவில்லை. கொடி கடலில் விழுந்துவிட்டது என்று எஞ்சினியரிடம் புளுகினேன்.

சனிக்கிழமைக் கூட்டத்தில், "உங்க தரப்புல தினமும் ஒருத்தரே பார்த்தா வீண் பேச்சு வருது. ஆளுக்கொரு நாள் முறை வச்சுப் பாக்கட்டும்" என்றேன். எதற்கும் மல்லுக்கட்டுகிற குளியாட்கள் உடனே சரி என்றார்கள். அண்ணாச்சி தலை குனிந்திருந்தார்.

அந்தோணி என்ற குளியாள் எழுந்தார். "ஆனா கயித்த மிக்கேல் அண்ணன்தான் பிடிக்கணும் சார். தட்டுக்கு மட்டுமில்ல, நாங்க குளிக்கையிலயும். அவரு பிடிச்சாத்தான் எறங்குவோம்."

மூச்சு முட்டுகிறவனை மேலே தூக்குவது கயிறு பிடிப்பவர்தான். கயிற்றின் அசைவை உணரக் கை போதும், கண் வேண்டாம். அண்ணாச்சியின் கண் மங்கியது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்றுதான் தவித்திருக்கிறார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு விதியை மாற்றும்போது யார் மனசும் உடையாமல் பார்த்துக்கொண்டால்தான் அது நிலைக்கும் என்று அன்று கற்றேன்.

திங்கட்கிழமை அண்ணாச்சி கயிற்றை இறக்கிவிட்டு, "எப்படிலே இருக்கு?" என்று கேட்டார்.

அந்தோணியும் நானும் எட்டிப் பார்த்து, "தெரியுது" என்றோம்.

"அப்ப வெள்ளையக் காட்டு" என்றார்.