எதிரணிச் சாட்சி

அவன் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. இந்த நாளுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்! ஒரு காலத்தில் இந்தக் கடற்கரை ஊர்களெல்லாம் தலையில் தூக்கிவைத்து ஆடிய கால்பந்து வீரன். கப்பல் வேலைக்குப் போய், ஓய்வுபெற்று, தலை நரைத்துத் திரும்பி வந்திருக்கிறான். என் இடது முட்டியை உடைத்தவனும் அவன்தான்.

"சுவத்துல என் படத்த மாட்டணும்லே. நீ வந்து ஒரு வார்த்த சொல்லணும்" என்றான். வெட்கமே இல்லை.

சுற்று வட்டார அணிகளெல்லாம் சேர்ந்து நடத்தும் டோர்னமெண்டுக்கு மைதானத்தை ஒட்டி ஒரு ஹால் உண்டு. இந்தக் கரையில் ஆடியவர்களில் சிறந்தவர்களின் படங்கள் அதன் சுவரில் தொங்கும். வருஷத்துக்கு ஒரு கூட்டம் போட்டு யாருக்கு இடம் என்று முடிவு செய்வார்கள். முன்பெல்லாம் அந்தக் கூட்டத்தில் நாற்காலி பறக்கும். பெனால்டியில் மட்டும் கோல் போட்டவன் பெரிய ஆட்டக்காரனா? மணலில் வெறுங்காலோடு ஆடியவனும் புல்தரையில் பூட்ஸ் போட்டு ஆடியவனும் ஒன்றா? அவனவன் தன் ஊர்க்காரனைத்தான் தூக்கிப் பேசுவான். அதனால் ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். சொந்த அணிக்காரன் வாய் திறக்கக் கூடாது. எதிர்த்து ஆடிய ஒருவன் நேரில் வந்து, இவனை என்னால் சமாளிக்க முடியவில்லை என்று சொன்னால்தான் படம் ஏறும்.

அவனை எதிர்த்து ஆடியவர்களில் பலர் செத்துப்போனார்கள். சிலர் பிள்ளைகளோடு வளைகுடாவில் இருக்கிறார்கள். மிச்சம் நான்தான்.

நான் பேக். கோல் போட வருகிறவனை மறிக்கிறவன். அந்தச் சுவரில் ஒரு பேக்கின் படம்கூடக் கிடையாது, கோல் போட்டவனைத்தானே ஜனம் நினைவில் வைக்கும். எங்கள் இரண்டு அணியும் மோதிய டோர்னமெண்ட் இறுதி ஆட்டத்தில் பந்து என் காலில் இருந்தது. அவன் ஓடிவந்து என் முட்டியில் மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் மண்ணில் கிடந்து துடிக்க, அவன் அந்தப் பந்தைக் கொண்டுபோய்க் கோல் போட்டான். ரெஃப்ரி கண்ணில் அது படவில்லை. "நான் பந்துக்குத்தான் போனேன். அவனுக்கு விழத் தெரியல" என்று பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஊரும் நம்பியது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்க இருந்த வேலை எனக்குப் போயிற்று. இன்று வரை கன்டெய்னர் யார்டு கேட்டில் உட்கார்ந்தே பார்க்கிற வேலைதான். முட்டிகூட மழைக்காலத்தில்தான் வலிக்கும். அந்தப் பொய் எல்லா நாளும் வலித்தது.

அவன் போனதும் என் மனைவி வெடித்தாள். "தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு என் கைரேகையே அழிஞ்சு போச்சு. நீங்க அங்கன போவாண்டாம்."

"போகாட்டா அவனுக்குப் படம் மட்டுந்தான் கிடைக்காது. எனக்கு அது பத்தாது ஏளா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஹால் நிரம்பிவிட்டது. அவனுடைய படம் சட்டம் போட்டு, துடைத்து, மேசைமேல் இருந்தது. பக்கத்தில் அவன் வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். செயலாளராக இருந்த விளையாட்டு வாத்தியார் என்னைப் பேச அழைத்தார்.

"மொதல்ல இவன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். பொறவு நான் பேசுதேன்" என்று அவன் பக்கம் திரும்பினேன். "அன்னைக்கு நீ பந்துக்கு வந்தியா, என் முட்டிக்கு வந்தியா?"

அவன் படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பொய் சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன் என்று அவனுக்குத் தெரியும். அவன் நெற்றி வியர்ப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

"முட்டிக்குத்தான்" என்றான்.

"ஏம்லே?"

"வேற என்னலே செய்யச் சொல்லுத?" என்று கத்தினான். "அந்த டோர்னமெண்ட் பூரா ஒருக்காவாது உன்னத் தாண்ட முடிஞ்சுதா? காலை உடைச்சாத்தான் வழின்னு ஆயிப்போச்சு!"

வாத்தியார் எழுந்து, என்னைக் கைகாட்டி மெதுவாகச் சொன்னார். "எதிர்த்து ஆடுனவரு நேர்ல வந்து சொல்லிட்டாரு. அண்ணாச்சி படம் ஏறணும்லா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அவன் பொய்யை அவன் வாயாலேயே உடைக்கத்தான் போயிருந்தேன். வாத்தியார் அங்கேயே என்னைச் சுவரோரம் நிறுத்திப் போனில் படம் எடுத்தார். பிறகு, "இனி நீங்க அவரப் பத்திச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

அவன் முகம் என்னைக் கெஞ்சியது. அவனைப் போல ஓடியவன் இந்தக் கரையில் கிடையாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் இரக்கம் கொஞ்சமும் வரவில்லை.

"முட்டி வலிக்கு தம்பி. அடுத்த வருசம் பாப்போம்" என்றேன்.

அவன் சட்டம் போட்ட படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினான். நான் பஸ் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் எங்கள் ஊர் முத்தையாபுரம் வரை நின்றுகொண்டே வந்தேன்.