மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு ஒரு கொசுத்தேனீப் பெட்டி

அடையாறில் எங்கள் மொட்டைமாடியில் பசுமைக்குடில் போட்டு வெள்ளரி வைத்தேன். வலை கட்டியதால் பூச்சி வரவில்லை, தேனீயும் வரவில்லை. பூவெல்லாம் பூத்துப் பிஞ்சு சுருண்டு விழுந்தது. தூரிகையால் மகரந்தம் தொட்டுவைக்கப் பார்த்தேன், பூதான் உதிர்ந்தது. "இந்த மாசம் பாப்போம் மாமா. காய்க்கலன்னா பிரிச்சிடலாம், துணி காயப்போட எடமே இல்ல" என்றாள் மருமகள். அதனால்தான் போன மாசியில் இந்தப் பயணம்.

மயிலாப்பூரில் ரீட்டா டீச்சர் என்று ஒருவர் கொசுத்தேனீ வளர்க்கிறார். கொசு அளவுதான் இருக்கும். குடிலுக்குள்ளும் சமர்த்தாக வேலை செய்யும். பொழுது சாய்ந்து எல்லாம் கூடு திரும்பியதும், வாசலில் வலைத்துணி கட்டிப் பெட்டியைக் கொடுத்தார். பெட்டிமேல் தேனீயின் பெயரை நானே எழுதினேன். போன வருடம்தான் எழுதக் கற்றேன். என் எழுத்து பெரியது. 'கொசு' முன்பக்கத்தை நிரப்பிவிட, 'த்தேனீ' பக்கவாட்டுக்குப் போய்விட்டது.

ஐந்து கிலோமீட்டருக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். ஏறியதும் ஓட்டுநர் பெட்டியைப் படித்தார்.

"இன்னா நைனா, ஊரு பூரா கொசு கீது, நீ பெட்டில வேற எடுத்துக்கினு போற?"

பெட்டியைத் திருப்பிக் காட்டினேன்.

"ஐயே, தேனீயா! அதுக்குக் கொசுவே தேவலாம். எறங்கு நைனா!"

"கொட்டாதுப்பா. இதுக்குக் கொடுக்கே கெடையாது."

பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, சிரித்தபடி வண்டியைக் கிளப்பினார்.

எங்கள் தெருமுனையில் வெள்ளைப் புகை. கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அது தேனீயையும் விடாது. "திருப்புப்பா, எல்லாம் செத்துடும்!" என்று கத்தினேன். சட்டென்று திருப்பி, ஊரூர் குப்பம் பக்கம் கடல்காற்றில் நிறுத்தினார். புகை அடங்கும்வரை காத்திருந்தோம்.

"கொசு மருந்துக்கு பயந்து ஓடுற சவாரிய இப்பதான் பாக்குறேன்" என்றார்.

வீடு வந்து பெட்டியைக் குடிலுக்குள் வைத்தேன். விடிந்ததும் குடிலுக்குள் துணியை அவிழ்த்தேன். ஒன்று எட்டிப் பார்த்தது. பின்னாலேயே வரிசையாக வந்தன. அப்பாடா! இப்போது பிஞ்சுகள் நிற்கின்றன. துணி காயப்போடும் கொடிக்கயிற்றை மருமகளே வெளிவராந்தாவில் கட்டிவிட்டாள்.

நீங்களும் வாங்கப் போனால் பெட்டியைச் சாய்க்காமல் மடியில் வையுங்கள். குடிலுக்குள் துளசியும் வையுங்கள், வெள்ளரிப் பூ மட்டும் அவற்றுக்குப் போதாது. புகை அடிக்கும் நாளை விசாரித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, பெயரை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.